மூன்று பேருக்கு ஒரு நாற்காலி

வண்டி பஞ்சரானால் தேவலை. விபத்தெல்லாம் வேண்டாம், யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டாம், பின்சக்கரம் ஓர் ஆணியைத் தேடிப்பிடித்து ஏறினால் போதும். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலையில் ஆணிக்கா பஞ்சம்? ஆனால் கம்பெனி பஸ் டிரைவர் இன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு பள்ளத்தையும் விலக்கி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல் ஓட்டுகிறார். மேடவாக்கம் தாண்டியாயிற்று. கைபேசி மடியில் குப்புறக் கிடக்கிறது. நான்தான் குப்புறப் போட்டேன், போட்டாலும் அதில் என்ன இருக்கிறது என்பது மனப்பாடம். "மேடம், வந்துட்டேனுங்க. ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன். ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவா வாங்க." செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டுக்காரர், கோயமுத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எட்டு வருஷமாக இருந்தவர், இன்றைக்கு எங்கள் கம்பெனியில் சேர வந்திருக்கிறார். அவருக்கு எங்கள் கம்பெனியில் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்ல வேண்டும். மெதுவா வாங்க என்கிறார். கோபமாக ஒரு வார்த்தை எழுதியிருந்தால்கூட இறங்கி ஓடியாவது போய்ச் சேர்ந்திருப்பேன். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. ஆளெடுக்கிற உத்தியோகம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை, "பத்துப் பேருக்கு வேலை போட்டுக் குடுக்கறே, புண்ணியம்டி சுகிர்தா" என்பார். புண்ணியம். நல்ல புண்ணியம்.

இதை வெளியாளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் நாங்கள் மூன்று பேருக்கு ஆஃபர் கொடுப்போம். பொய்யில்லை, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஏன் என்றால் வருகிறவர்கள் வருவதில்லை. இருக்கிற வேலையை ராஜினாமா செய்தால் மூன்று மாதம் அங்கேயே உழைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும், அந்த மூன்று மாதத்தில் எங்கள் ஆஃபரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போய் இதைவிட அதிகம் தருகிறாயா என்பார்கள், அங்கே வாங்கியதைக் கொண்டு மூன்றாவது இடத்துக்குப் போவார்கள், சேருகிற நாளன்று போன் அணைந்திருக்கும். பெயர் அடித்த அடையாள அட்டையோடும் புது லேப்டாப்போடும் மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாட்கள் எத்தனையோ. அதனால் கிரிதரன் சார், என் மேலாளர், ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் வெண்டைச் செடி வளர்க்கிறவர். "மூணு விதை போட்டாத்தான் ஒண்ணு முளைக்கும் சுகிர்தா." இத்தனை வருஷமாக அப்படியேதான் நடந்தது. ஒருவர் ஓடுவார், இன்னொருவருக்குப் பழைய கம்பெனியே சம்பளத்தை ஏற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சமிருப்பவர் வந்து சேருவார், நாங்கள் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுப்போம். இந்தத் தடவை மூன்றும் முளைத்துவிட்டன. முதல் ஆள் சொன்ன தேதிக்கு முன்பே வந்து நாற்காலியைப் பிடித்தார். இரண்டாவது ஆளை எப்படியோ வேறொரு டீமில் திணித்தோம். மூன்றாவது ஆள் வரமாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாக நம்பினோம், ஏனென்றால் கடைசி நாளில்கூடத் தாவிப் போக அவருக்குப் பெங்களூரில் எங்களைவிட நல்ல ஆஃபர் இருந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார். யாராவது அதை எச்.ஆரிடம் சொல்வார்களா?

ஏன் வந்தார்? இதில்தான் போய்ப் போய் முட்டிக்கொள்கிறேன். என்னால் வந்தார். ஆஃபர் கொடுத்தவர்களை மூன்று மாதமும் சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டும், அது என் வேலையில் ஒரு பகுதி. வாரம் ஒருமுறை போன். எப்படி இருக்கீங்க, ராஜினாமாவை ஏத்துக்கிட்டாங்களா, வீட்ல சௌக்கியமா. கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே ஆள் நழுவுகிறாரா என்று குரலில் மோப்பம் பிடிக்க வேண்டும். பலபேர் எடுக்கமாட்டார்கள். இவர் முதல் மணியிலேயே எடுப்பார். "சொல்லுங்க மேடம், சாப்டீங்களா?" நான் கேட்க வேண்டியதை அவர் கேட்பார். மகளுக்குக் காது குத்தியது, மனைவி மேகலாவுக்குச் சென்னை என்றால் தண்ணீர்ப் பயம், எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம், பள்ளிக்கரணை பக்கம் மழைக்குத் தண்ணி நிக்குமாங்களே, எல்லாம் பேசியிருக்கிறோம். பெரும்பாக்கத்தில் பாருங்கள் என்றேன். இதோ பஸ் பெரும்பாக்கத்தில்தான் நிற்கிறது, இந்தச் சந்துகளில் ஏதோ ஒன்றில்தான் அவர் வீட்டுச் சாமான் இறங்கியிருக்கும், குக்கரும் கட்டிலும் மேகலாவின் பீரோவும். பார்க்கக்கூடாது என்று தலையைத் திருப்பினாலும் கண் ஒவ்வொரு மாடியாகப் போகிறது, எந்தப் பால்கனியில் துவைத்துப்போட்ட புதுத் திரைச்சீலை தொங்குகிறது என்று. பெங்களூர்க்காரர்கள் கூப்பிட்ட அன்று அவரே எனக்குப் போன் செய்தார். "மேடம், ஒரு வார்த்தை கேக்கணுங்க. அவங்க கொஞ்சம் சேத்தித் தர்றேங்கறாங்க. ஆனா உங்ககிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். என்ன பண்ணட்டுங்க?" நான் அப்போது ஒரு கையால் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன், போனைத் தோளில் இடுக்கியிருந்தேன், பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போங்க என்று சொல்லியிருக்கலாம். யோசிங்க என்றாவது சொல்லியிருக்கலாம். "சென்னைக்கு வாங்க வேல், இங்க உங்களுக்கு நான் இருக்கேன்" என்றேன். பழகிப்போன வாய். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிற வார்த்தை. அந்த மனுஷர் அதை எடுத்துப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார். அன்று கிரிதரன் சார் மீட்டிங்கில் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார், பெங்களூரையே மடக்கிட்டாங்க நம்ம சுகிர்தா என்று. நான் சிரித்தேன், வெட்கப்படுவதுபோல். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

"ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?" பக்கத்து சீட்டில் பெனாசிர், அக்கவுண்ட்ஸ்காரி, டப்பாவைத் திறந்து வட்டலப்பம் நீட்டினாள். நேற்று அவர்கள் வீட்டில் விசேஷம். வேண்டாம் என்றேன், அவள் விடமாட்டாள், அந்த இனிப்பில் ஒரு துண்டு வாயில் போட்டேன். சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றளவில் சொன்னேன். "இதுக்கா? அவனுங்க மட்டும் ரொம்ப யோக்கியமாக்கும். போன மாசம் ஒருத்தன் உன்னைய என்ன பாடு படுத்தினான்? பெரியப்பா செத்துட்டாருன்னு ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அப்புறம் ஹைதராபாத்ல போட்டோ போட்டான்ல, நியூ பிகினிங்ஸ்னு? அப்ப உனக்காக யாரு அழுதா?" உண்மைதான். அந்தப் பெரியப்பாவுக்கு நான் இரங்கல் செய்திவேறு அனுப்பினேன். "கையில இன்னொண்ணு இல்லாம எவனும் வரமாட்டான்டி. இவனும் வச்சிருப்பான். நீ வேணா பாரு, ஆஃபீஸ விட்டு எறங்கறதுக்குள்ள எவனுக்காவது போன் போடுவான்." அதைத்தான் நானும் ராத்திரியிலிருந்து ஜெபம்போல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வச்சிருப்பார், வச்சிருப்பார் என்று. ஆனால் அவர் பெங்களூருக்கு எழுதிய மறுப்பு மெயிலை எனக்கும் ஒரு நகல் போட்டிருந்தாரே. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, நான் ஏற்கெனவே ஓரிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். போன் அணைத்தவன், பெரியப்பாவைக் கொன்றவன், நாலு ஆஃபரைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிக் காட்டினவன், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்காகப் போட்டுவைத்த பொறியில் சொன்ன சொல் தவறாத ஒருவர் வந்து கால் வைத்திருக்கிறார். பெனாசிரிடம் இதைச் சொல்லவில்லை. அவள் வட்டலப்பத்தில் இருந்த முந்திரியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொல்லாத மிச்சம்தான் பெரிது. வெள்ளிக்கிழமை மதியமே முடிவாகிவிட்டது. கிரிதரன் சார் கூப்பிட்டார், கதவைச் சாத்தச் சொன்னார். "மூணாவது ஆளுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. வாசகம் லீகல்காரங்க குடுத்ததுதான். போன்ல பேசாதீங்க, ரெக்கார்டு பண்ணிடுவாங்க. ஆனா கொஞ்சம் மனசு நோகாம ஹேண்டில் பண்ணுங்க, நாளைக்கு நம்ம பேரைக் கெடுத்துடக் கூடாது." பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்ட வேண்டும், இரண்டும் நானே. வேறு டீமில் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். கேட்டாச்சு என்றார். கேட்டிருக்கமாட்டார். கேளுங்கள் என்று நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை, அடுத்த மாதம் எங்கள் பிரிவிலேயே ஆட்குறைப்பு என்று பேச்சு, இந்த நேரத்தில் எதிர்த்துப் பேசினவள் என்று பெயர் எடுக்க எனக்கும் தெம்பில்லை. மெயிலை எழுதினேன். அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்தேன். வணிகச் சூழல் காரணமாக. வருந்துகிறோம். எதிர்காலத்தில் தங்களுக்கு. அப்போது ஒரு நல்லவள்போல் எனக்குத் தோன்றியது, மூன்று மாதம் பேசிய மனுஷருக்கு இப்படியா சொல்வது, நானே என் குரலில் சொல்வேன் என்று. அனுப்பவில்லை. சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஏகப்பட்ட சத்தம், பார்த்து பார்த்து, பீரோவைச் சாச்சுப் புடி, கண்ணாடி கண்ணாடி என்று. "மேடம், வண்டி ஏத்திட்டிருக்கோமுங்க! நீங்களே கூப்ட்டுட்டீங்க, நல்ல சகுனம்." நான் சொல்லுங்க என்றேனா, அவர் சொல்லுங்க என்றாரா, நினைவில்லை. மேகலா நேற்றோடு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டார் என்றார், பிள்ளைகள் அழுதார்களாம். என் வாய் திறந்தது. "நல்லபடியா வாங்க" என்றேன். வேல் சிரித்தார். பத்திரமா வாங்க என்று வேறு சேர்த்தேன். அந்த நேரத்தில் வண்டியில் பாதிச் சாமான்தான் ஏறியிருந்தது. இறக்கியிருக்கலாம். மேகலா திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கலாம், பழைய கம்பெனியில் கையைக் காலைப் பிடித்திருக்கலாம், பெங்களூருக்கே மறுபடி ஒரு போன். எல்லாவற்றுக்கும் அப்போது வழி இருந்தது. என் நல்ல மனசு அத்தனையும் அடைத்துவிட்டது. கிரிதரன் சார் சொன்னபடி அந்த ஈவிரக்கமில்லாத மெயிலைப் போட்டிருந்தால் அவர் என்னைத் திட்டிக்கொண்டே தன் வீட்டில் இருந்திருப்பார்.

சோழிங்கநல்லூர் சிக்னல். சிவப்பு. இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். எப்படி ஆரம்பிப்பது? வேல், ஒரு சின்ன சிக்கல். சின்னதா? வேல், உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். இது சினிமா வசனம். வேல், மேனேஜ்மென்ட் முடிவு. ஆமாம், மேனேஜ்மென்ட், அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு யானையே ஒளிந்துகொள்ளலாம், நான் ஒரு ஆள் ஒளிய மாட்டேனா. இன்று காலையில்தான் தெரிந்தது என்று சொல்லிவிட்டால்? யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? அவருக்கும் அது ஆறுதலாக இருக்கும், சனிக்கிழமை பேசியவள் உண்மையாகத்தான் பேசினாள் என்று. அவருக்காகவே அந்தப் பொய்யைச் சொல்லலாம். அவருக்காக! பார், எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது. சனிக்கிழமையும் அவருக்காகத்தான் சும்மா இருந்தேன், பெங்களூர் வேண்டாம் என்றதும் அவர் நல்லதுக்குத்தான், குழந்தைக்கு நல்ல பள்ளி, கடற்கரை. நான் செய்த எதுவும் எனக்காக இல்லை போலிருக்கிறது. வட்டலப்பத்தின் தித்திப்பு நாக்கில் பிசுபிசுக்கிறது, தண்ணீர் குடித்தேன், போகவில்லை. பச்சை விழுந்தது. செம்மஞ்சேரி. இந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளே ஒரு நாற்காலி இருக்கிறது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் நாற்காலி அடுத்த மாதம் இருக்குமா? இல்லாமல் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், கணக்கை நேர் செய்ததாகிவிடும் என்று. அடுத்த கணமே வீட்டுக் கடனும் மகள் பள்ளியும் ஞாபகம் வந்து, இல்லை இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை என்று அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் பச்சாதாபத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். நாவலூர் வந்துவிட்டது. பஸ் கேட்டுக்குள் திரும்பியது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. போனில் கேட்ட குரலுக்கு நான் கொஞ்சம் பருமனான ஆளை நினைத்து வைத்திருந்தேன், இவர் ஒல்லி. பெட்டியிலிருந்து பிரித்த மடிப்பு போகாத முழுக்கைச் சட்டை, மடியில் சான்றிதழ்ப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "சுகிர்தா மேடமுங்களா? நான் வேலுங்க. டிராபிக்குங்களா? சாப்டீங்களா?" உட்காருங்கள் என்றேன். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். "வேல், அந்த இடம் இப்ப இல்ல" என்றேன். யோசித்து வைத்த எதுவும் வரவில்லை, இதுதான் வந்தது. "சரிங்க, அப்ப வேற பில்டிங்குங்களா?" என்றார். "இல்ல. வேலையே இல்ல. ஆஃபரை ரத்து பண்ணிட்டாங்க." அவர் முகம் உடனே மாறவில்லை, சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் பையைப் பார்த்தார். "நான் எதாச்சும் குறை வச்சுட்டேனுங்களா?" இல்லை என்றேன். "பேப்பரு ஏதாச்சும்?" எதுவும் இல்லை, எல்லாம் எங்கள் தப்பு என்றேன். பக்கத்தில் புதிதாகச் சேர வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் அடையாள அட்டைக்குச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார், "நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க. வேற ஆளா இருந்தா ஒரு மெயிலத் தட்டி உட்டுருப்பாங்க. நீங்க நேர்ல வந்து, மொகம் பாத்துச் சொல்றீங்களே, அந்த மனசு போதுமுங்க. தெரிஞ்ச ஒடனே ஓடியாந்திருக்கீங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தாலே போதும், அந்த மனுஷர் ஆயுசுக்கும் என்னை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருப்பார், மேகலாவிடமும் சொல்வார். எவ்வளவு ஆசையாக இருந்தது. "வெள்ளிக்கிழமையே தெரியும்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போல, காதைக் கொஞ்சம் சாய்த்தார். "எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் வேல்." அவர் நாட்களை ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. "சனிக்கெழம கூப்ட்டீங்களே." ஆமாம் என்றேன். "வண்டி ஏத்தறப்ப." ஆமாம். "நல்லபடியா வாங்கன்னீங்க." திட்டுவார் என்று காத்திருந்தேன், சத்தம் போட்டால் செக்யூரிட்டி வருவார், எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். அவர் திட்டவில்லை. சான்றிதழ்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எழுந்து, என்னைத் தாண்டி, மேஜைக்குப் பின்னால் இருந்த வரவேற்புப் பெண்ணிடம் போனார். "ஏனுங்க, எங்க மச்சான் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் கூட்டிட்டுப் போக வருவாரு. அதுவரைக்கும் இந்த ஓரமா உக்காந்துக்கலாங்களா? ஊட்ல இப்பவே போய் நிக்க முடியாதுங்க." அந்தப் பெண், அவர் பின்னாலேயே எழுந்து போன என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளுக்கு அது போதவில்லை, கணினியில் ஏதோ தட்டச்சு செய்யக் கையை வைத்துக்கொண்டு, "யாரைப் பாக்க வந்திருக்கீங்கன்னு போடட்டும் சார்?" என்று கேட்டாள். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரையும் இல்லீங்க" என்றார்.